அந்தச் சிறிய சமையலறையிலிருந்து 600 பேருக்கு உணவு போயிருக்க முடியுமா?

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில், குன்றுக்கடியிலுள்ள குகைகளில் இயங்கிய பாறை மருத்துவமனை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், அங்குள்ள சமையலறையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் திரும்பக்கூட இடமில்லாத ஓர் அறை அது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் நகரம் முற்றுகையிடப்பட்ட நாட்களில் அங்கே 600 காயம்பட்டவர்கள் இருந்தார்கள் என்று வழிகாட்டி சொன்னார். அந்த அறையையும் அந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் நம்ப முடியவில்லை, பார்வையாளர்களுக்காக ஏதோ ஓர் அறையைச் சமையலறை என்று காட்டுகிறார்களா என்பது அவருடைய ஐயம். அடுத்த முறை வயதான பெற்றோரை அழைத்துச் செல்லலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார். கேள்வி அறையின் அளவைப் பற்றியது போலத் தோன்றினாலும், அவர் உண்மையில் கேட்பது அங்கே சொல்லப்படும் வரலாற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் வரலாற்று ஆய்வாளன் அல்லன். ஹங்கேரிய மொழியும் எனக்குத் தெரியாது. மருத்துவமனைகளுக்குக் காற்றோட்டம், தண்ணீர், நீராவி, சமையலறை ஆகியவற்றைத் திட்டமிட்டுத் தருவது என் தொழில். பல ஆண்டுகளாக அதைச் செய்து வருவதாலும், அந்த அருங்காட்சியகத்துக்கு நேரில் சென்றிருப்பதாலும், இத்தனை பேருக்குச் சமைக்க எவ்வளவு தீ வேண்டும், எவ்வளவு தண்ணீர் வேண்டும், புகையும் ஆவியும் எங்கே போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். கீழே வரும் எண்களில் சில வரலாற்றில் பதிவானவை. சில என் கணக்கு. எது எது என்பதை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றைப் பார்ப்போம். புடா கோட்டைக் குன்றின் அடியில் வெந்நீர் ஊற்றுகள் அரித்து உண்டாக்கிய இயற்கைக் குகைகள் உள்ளன. குன்றின் மேல் குடியிருந்தவர்கள் இடைக்காலம் தொட்டு அவற்றை நிலவறைகளாகவும் கிணறுகளாகவும் தோண்டி, ஒன்றோடொன்று இணைத்துப் பயன்படுத்தி வந்தார்கள். இரண்டாம் உலகப் போர் நெருங்கிய வேளையில் நகர நிர்வாகம் அந்தக் குகைகளின் ஒரு பகுதியை வலுப்படுத்தி, விமானத் தாக்குதலின்போது பயன்படுவதற்கான அவசர அறுவை மருத்துவமனையாக மாற்றியது. அது 1944 தொடக்கத்தில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நேச நாட்டு விமானங்கள் புடாபெஸ்ட் மீது குண்டு வீசத் தொடங்கின. நகரின் புனித யானோஷ் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் அங்கே பணியாற்றினார்கள். செஞ்சிலுவைத் தொண்டர்களாக வந்த செவிலியரில், நாட்டின் ஆட்சித் தலைவராக இருந்த ஹோர்த்தியின் மருமகள் இலோனா எடெல்ஷைம்-ஜூலாயும் ஒருவர். 1944 டிசம்பர் இறுதியில் சோவியத் படைகள் நகரைச் சுற்றி வளைத்தன. பெஸ்ட் பகுதி 1945 ஜனவரி 18 அன்றும், புடா பகுதி பிப்ரவரி 13 அன்றும் வீழ்ந்தன. இந்தச் சுமார் ஐம்பது நாட்கள்தாம் நம் கேள்விக்குரிய நாட்கள்.

அந்த மருத்துவமனை ஓர் அறுவை அரங்கும் சில வார்டுகளுமாக, 60 முதல் 70 நோயாளிகளுக்காகத் திட்டமிடப்பட்டது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த ஒரு செய்தியிலேயே இருக்கிறது. நீங்கள் பார்த்த அறை 600 பேருக்காக யாரும் கட்டிய சமையலறை அன்று. 70 நோயாளிகள், ஏறத்தாழ அதில் பாதி அளவுக்கு ஊழியர்கள், அதுவும் குண்டுவீச்சு நடக்கும் சில மணி நேரம் அல்லது சில நாட்கள், அதற்குள் மேலே நிலைமை சீராகிவிடும் என்ற எதிர்பார்ப்பு: இதற்குத்தான் திட்டம் போட்டார்கள். அந்த அளவுக்கு அது போதுமான அறையே. இன்றும் பெரிய மருத்துவமனைகளின் மாடிகளில் வார்டுக்கு வார்டு ஒரு சிறு அறை இருக்கும். பால் காய்ச்ச, கஞ்சி சூடாக்க, வந்த உணவைப் பிரித்துக் கொடுக்க அது உதவும். குகைச் சமையலறையின் அளவு அந்த வகைக்கு நெருக்கமானது. திட்டம் போட்டவர்கள் கஞ்சத்தனம் செய்யவில்லை. பாறைக்கு அடியில் ஒவ்வொரு சதுர அடியையும் உளியால் வாங்க வேண்டியிருக்கும்போது, அறுவை அரங்குக்கும் கட்டில்களுக்கும் போக மிஞ்சிய இடம்தான் அடுப்புக்குக் கிடைக்கும்.

இனி 600 பேருக்கு வருவோம். ஆளுக்கு அரை லிட்டர் கூழோ சூப்போ என்றால் 300 லிட்டர். 15 பாகைத் தண்ணீரை அந்த அளவில் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 30 கிலோவாட் மணி வெப்பம் பாத்திரத்துக்குள் சேர வேண்டும். விறகடுப்பில் எரிவதில் நான்கில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போனாலே நல்ல அடுப்பு. அப்படிப் பார்த்தால் 30 கிலோ காய்ந்த விறகு எரியும். 50 லிட்டர் அண்டாக்கள் இரண்டை மட்டும் அருகருகே ஏற்ற முடிகிற இடம் என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை ஏற்றி இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றி, கொதிக்க வைத்து, வேக வைத்து, இறக்கிப் பகிர்ந்து, அண்டாவைத் துடைத்து மறுபடி ஏற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆக, ஒரு வேளை உணவுக்கு நாலரை முதல் ஐந்து மணி நேரம். இது என் கணக்கு. அண்டாவின் கொள்ளளவை மாற்றினால் நேரம் மாறுமே தவிர, முடிவு மாறாது: ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஒரே பாத்திரத்தில் வேகும் ஒரே வகை உணவு என்றால் அந்த இடத்திலிருந்து 600 பேருக்குக் கொடுப்பது நடக்கக்கூடியதே. மூன்று வேளை, நோயாளிக்கு நோயாளி வேறுபடும் பத்திய உணவு என்றால் அறவே நடக்காது. ஆகவே அறையின் அளவை மட்டும் வைத்து வழிகாட்டி சொன்னதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

என்னைக் கேட்டால், இடத்தைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். 600 பேருக்குக் குடிக்க மட்டும் ஆளுக்கு 2 லிட்டர் என்றால் 1200 லிட்டர். சமைக்க 300. கை கழுவ, காயம் கழுவ, பாத்திரம் கழுவ, தரை கழுவ எதுவும் இதில் சேரவில்லை. நம் நாட்டின் இந்தியத் தரநிலையில், 100 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைக்கு ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 450 லிட்டர் என்று வைத்துத்தான் நாங்கள் தொட்டி கட்டுகிறோம். அந்த அளவில் 600 படுக்கைகளுக்கு 2,70,000 லிட்டர் ஆகிறது. முற்றுகையின்போது நகரின் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. மக்கள் பனியை உருக்கியும், எஞ்சிய சில கிணறுகளில் வரிசையில் நின்றும் குடித்தார்கள். இவ்வளவு பெரிய எண்ணையும் அந்த நிலைமையையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான், மருத்துவமனை என்ற சொல்லை அந்த நாட்களுக்கு எந்தப் பொருளில் பயன்படுத்துகிறோம் என்பது எனக்கே விளங்கியது. அங்கே அறுவைச் சிகிச்சை நடந்தது, காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள், உயிர்களைக் காப்பாற்றினார்கள். ஆனால் சுத்தம் என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ அதற்கு வேண்டிய தண்ணீர் அங்கே இருந்திருக்க வழியில்லை.

சமையலறைக்கும் அறுவை அரங்குக்கும் இடையே இருந்த போட்டியைப் பற்றிச் சுற்றுலாக் குறிப்புகள் எதிலும் நான் படித்ததில்லை. ஆனால் என் தொழிலில் இருப்பவர்களுக்கு அது முதலில் தோன்றும். இருப்பில் இருந்த கட்டுத்துணி தீர்ந்துபோன பிறகு, இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த கட்டுகளையே கொதிக்க வைத்து மறுபடி பயன்படுத்தினார்கள் என்பது பதிவான செய்தி. கொதிக்க வைக்க அடுப்பு வேண்டும், விறகோ மின்சாரமோ வேண்டும், தண்ணீர் வேண்டும், பெரிய பாத்திரம் வேண்டும். கஞ்சிக்கு வேண்டியவையும் இவையேதாம். இரத்தம் ஊறிய துணியைக் கொதிக்க வைத்த தண்ணீரை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவாமல் அதில் சமைக்கவும் முடியாது. எங்கள் வடிவமைப்பில் துணி வெளுக்கும் பகுதியையும் கருவிகளைக் கிருமி நீக்கும் பகுதியையும் சமையலறையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வைப்போம். அழுக்கு வண்டியும் உணவு வண்டியும் ஒரே நடைவழியில் எதிர்ப்படக்கூடாது என்பது எங்களுக்கு அரிச்சுவடி. குகைக்குள் அப்படிப் பிரிக்க இடமில்லை. இருந்த வழிகளிலேயே காயம்பட்டவரைத் தூக்கி வந்தார்கள், இறந்தவரைத் தூக்கிப் போனார்கள், உணவையும் கொண்டு போனார்கள். இறந்தவர்களை இருட்டிய பிறகு வெளியே கொண்டுபோய்க் குண்டு விழுந்த பள்ளங்களில் புதைத்தார்கள் என்பதும் பதிவாகியுள்ளது.

அடுத்தது காற்று. சும்மா படுத்திருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. மணிக்கு 15 முதல் 20 லிட்டர் கரியமில வாயுவையும், 40 முதல் 50 கிராம் நீராவியையும் வெளிவிடுகிறது. இவை எங்கள் பாடநூல்களில் உள்ள அளவுகள். 600 பேர் என்றால் 60 கிலோவாட் வெப்பம், மணிக்கு ஏறத்தாழ 10 கன மீட்டர் கரியமில வாயு, 25 முதல் 30 லிட்டர் தண்ணீர் ஆவியாக. சாதாரண நாட்களில் 15 முதல் 18 பாகை வரை குளிர்ந்திருக்கும் அந்தக் குகையில், முற்றுகையின்போது வெப்பநிலை 30 பாகைக்கு மேல் ஏறியது என்று சொல்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்கும் அது மிகைப்படுத்தலோ என்று தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் முற்றிலும் பொருந்துகிறது. வெளியே கடும் குளிர்காலம், உள்ளே வேர்வையும் ஆவியும். அதற்கு மேல் அடுப்பும் எரிந்தால், அந்த நெருப்புக்கு வேண்டிய காற்று, நோயாளிகள் சுவாசிக்கும் அதே காற்றிலிருந்துதான் வர வேண்டும். 30 கிலோ விறகு முழுதாக எரிய 200 முதல் 300 கன மீட்டர் காற்று போகும். புகைபோக்கியின் வாய் இடிபாட்டில் அடைபட்டாலோ இழுவை குறைந்தாலோ, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு முதலில் தூங்குபவர்களிடம்தான் போய்ச் சேரும். பூமிக்கடியில் சமைப்பதை எந்தப் பொறியாளரும் விரும்பாததற்குக் காரணம் இதுதான்.

என்ன சமைத்தார்கள் என்பதில் கவனமாகப் பேச வேண்டும். முற்றுகையிடப்பட்ட நகரில் குதிரைப் படைகள் சிக்கியிருந்தன. தீவனம் இல்லாமலும் குண்டடி பட்டும் செத்த குதிரைகளின் இறைச்சியைத் தெருவிலேயே அறுத்தெடுத்து மக்கள் தின்றார்கள். அந்த ஐம்பது நாட்களில் புடாபெஸ்டில் இருந்தவர்களில் குதிரை இறைச்சி தின்னாதவர்கள் குறைவு என்றே அந்தக் காலத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதியாகப் புடாபெஸ்டில் இருந்த ஃப்ரீட்ரிக் போர்ன் அந்த மருத்துவமனைக்கு வந்தார், பொருளுதவியும் செய்தார் என்பதும் தெரிந்த செய்தி. இவற்றைச் சேர்த்துப் பார்த்து, குகைக்குள்ளும் குதிரை இறைச்சியும் பருப்பு வகையும் சேர்ந்த சூப்தான் பெரும்பாலும் உணவாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம், அவ்வளவுதான். அதுபோலவே, எல்லா உணவும் அந்த ஓர் அறையிலேயே சமைக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. குகைக்கு மேலே கோட்டைப் பகுதியின் வீட்டு நிலவறைகள் உள்ளன. வெளிவாயிலுக்கு அருகே, காற்று கிடைக்கும் இடத்தில் பெரிய அண்டாக்களை ஏற்றி, உள்ளே இருக்கும் அறையைப் பகிர்ந்து கொடுப்பதற்கும் மருந்துக் கஞ்சிக்கும் வைத்துக்கொள்வதுதான் அறிவுடைய ஏற்பாடு. நான் அங்கே பொறுப்பில் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

இன்னொரு காரணத்தாலும் அந்தச் சமையலறையை அப்படியே 1944-இன் சமையலறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போர் முடிந்த பின் அந்த இடத்தில் சில காலம் தடுப்பூசி தயாரித்தார்கள். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 புரட்சியின்போது மீண்டும் மருத்துவமனையாகத் திறந்தார்கள். 1958 முதல் 1962 வரை, அணு ஆயுத, இரசாயனத் தாக்குதலைத் தாங்கும் பதுங்கிடமாக அதை விரிவாக்கி, காற்று வடிகட்டிகளும் டீசல் ஜெனரேட்டர்களும் நச்சு நீக்கும் குளியலறைகளும் பொருத்தினார்கள். பிறகு பல பத்தாண்டுகள், எந்த நேரமும் திறக்கத் தயாராக, ஒரு தம்பதியர் அதைப் பராமரித்து வந்தார்கள். யாரும் படுக்காத கட்டில்களின் விரிப்புகளைக்கூட முறைப்படி மாற்றி வந்தார்கள். 2002 வரை அது அரசு இரகசியம். 2008-இல்தான் அருங்காட்சியகமாக நிலையாகத் திறந்தது. ஆகவே நீங்கள் பார்க்கும் குழாய், விளக்கு, சுவர்ப் பூச்சு, பாத்திரம் ஒவ்வொன்றும் வேறு வேறு பத்தாண்டுகளைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். அங்கே காட்டுவது போலியான அறை என்று இதற்குப் பொருள் இல்லை. மூன்று காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அறை அது. 600 என்ற எண்ணும் அப்படித்தான்: சில இடங்களில் 600 என்றும் சில இடங்களில் 700 என்றும் எழுதியிருக்கிறார்கள், அது நெரிசல் உச்சத்தில் இருந்தபோதைய எண்ணே தவிர, முற்றுகை முழுவதும் நிலவிய சராசரி அன்று. நெருக்கடியில் கட்டில்களை ஒட்டிப் போட்டு, இரண்டு கட்டிலில் மூன்று பேரைப் படுக்க வைத்தார்கள்; நடைவழிகளிலும், ஒட்டியுள்ள குகைப் பகுதிகளிலும் தூக்குக் கட்டில்களில் கிடத்தினார்கள்.

அருங்காட்சியகத்தில் நோயாளிகளாகவும் மருத்துவர்களாகவும் வைத்திருக்கும் மெழுகுச் சிலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவை திறமையாகச் செய்யப்பட்டவை, குழந்தைகளுக்கும் புரியும். ஆனால் கட்டிலுக்கு ஒருவர் என்று ஒழுங்காகப் படுத்திருக்கும் அந்தக் காட்சி, திட்டமிட்ட மருத்துவமனையைக் காட்டுகிறதே தவிர, முற்றுகைக் கால மருத்துவமனையைக் காட்டவில்லை. உங்களுக்கு எழுந்த ஐயத்துக்கே இதுதான் காரணம் என்பது என் எண்ணம். வார்டுகள் ஒழுங்காகத் தெரிவதால் சமையலறை மட்டும் பொருத்தமில்லாமல் சிறியதாகத் தெரிகிறது. உண்மையில் அன்று அங்கே எல்லாமே போதாமல்தான் இருந்தது. அறுவை அரங்கு போதவில்லை, கட்டில் போதவில்லை, காற்று போதவில்லை. பார்வையாளரின் கண்ணுக்கு அந்தப் போதாமையை இன்னும் நேராகக் காட்டுவது சமையலறை மட்டுமே. அதனால்தான், வழிகாட்டிகள் விரைவாகக் கடந்து போகும் அந்த அறையின் முன் சற்று நேரம் நில்லுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

பூமிக்கடியில் சமைக்கும் சிக்கலை மற்ற இடங்களில் எப்படித் தீர்த்தார்கள் என்பதையும் சொன்னால் உங்கள் கேள்விக்கு இன்னும் தெளிவு கிடைக்கும். ஆங்கிலக் கால்வாயிலுள்ள கெர்ன்சி தீவை ஜெர்மானியர்கள் 1940 முதல் 1945 வரை பிடித்து வைத்திருந்தபோது, டோட் அமைப்பு என்ற நாஜிக் கட்டுமான அமைப்பு கொண்டுவந்த கட்டாயத் தொழிலாளர்களை வைத்துப் பாறையைக் குடைந்து ஒரு பெரிய நிலத்தடி மருத்துவமனை கட்டினார்கள். அங்கே சமையலறையைச் சுரங்கத்துக்குள்ளேயே வைத்து, மேலே செங்குத்தான காற்றுத் துளைகள் விட்டார்கள். துருப்பிடித்த அடுப்புகள் இன்னும் கிடக்கின்றன. இடமும் காலமும் தாராளமாக இருப்பவர்கள் செய்யக்கூடிய தீர்வு அது. வியட்நாமில் தீர்வு வேறு. ஹோ சி மின் நகருக்கு அருகிலுள்ள கூ சி சுரங்கங்களில் பார்வையாளர்களுக்குக் காட்டும் அடுப்பு, ஹோவாங் காம் என்ற படைச் சமையற்காரரின் பெயரால் அழைக்கப்படுகிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான போரில் 1950-களின் தொடக்கத்தில் அவர் அமைத்த முறை அது. அடுப்பிலிருந்து நிலத்துக்குள் நீளமாக வெட்டிய கால்வாய்கள் வழியே புகை போகும். மேலே கிளைகளும் ஈர மண்ணும் மூடியிருக்கும். புகை குளிர்ந்து, கரி படிந்து, அங்கங்கே மெல்லக் கசிந்து வெளியேறி விடியற்கால மூடுபனியோடு கலந்துவிடும். மேலே பறக்கும் விமானத்துக்கு அடுப்பு எரிவது தெரியாது. அங்கே போகிறவர்களுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கொடுப்பார்கள். போர்க்கால உணவு அதுதான். பொறியாளனாக நான் மிகவும் மதிக்கும் தீர்வு இது. மண்வெட்டி தவிர வேறு கருவி எதுவும் அதற்குத் தேவையில்லை.

மூன்றாவது தீர்வு, சமையலறையை உள்ளே வைக்காமலே விட்டுவிடுவது. ஜப்பானின் ஒகினாவா தீவில், ஹாயெபாரு என்ற ஊரின் குன்றுக்கடியில் 1945-இல் ஜப்பானியப் படை மருத்துவமனை சுமார் 30 குகைகளில் இயங்கியது. எல்லாம் கையால் வெட்டியவை. அவற்றில் 20-ஆம் எண் குகையை இன்று பார்க்கலாம்: நீளம் சுமார் 70 மீட்டர், உயரமும் அகலமும் 1.8 மீட்டர். ஒரு பக்கச் சுவரை ஒட்டி இரண்டடுக்குப் படுக்கைகள் போட்டால் நடக்க மிஞ்சுவது ஓர் ஆள் அகலம்தான். இதற்குள் அடுப்பு மூட்ட முடியாது. ஆகவே சமையலறை குன்றுக்கு வெளியே இருந்தது. அங்கிருந்து சோற்றுப் பீப்பாயைக் கழியில் மாட்டி, இரண்டு இரண்டு பேராகத் தோளில் சுமந்து, குண்டு மழைக்கு நடுவே மேட்டில் ஏறி இறங்கிக் கொண்டுவந்தவர்கள் பெண்கள் பள்ளி மாணவிகள். ஹிமெயூரி மாணவிகள் என்று பின்னாளில் அறியப்பட்ட அவர்களில் 222 பேரும் 18 ஆசிரியர்களும் 1945 மார்ச் 23 இரவு பணிக்கு அழைக்கப்பட்டார்கள். மே மாத மழையில் அந்தப் பாதை சேறாகிவிடும். சோறு கொண்டுவரப் போன வழியிலேயே உயிரிழந்தவர்களும் உண்டு. நாள் செல்லச் செல்லச் சோற்று உருண்டையின் அளவு சுருங்கி, ஒரு பிங்பாங் பந்து அளவுக்கு வந்தது என்று உயிர் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மே இறுதியில் படை தெற்கே பின்வாங்கியபோது, நடக்க முடியாத நோயாளிகளுக்குப் பாலில் சயனைடு கலந்து கொடுத்தார்கள்.

ஹாயெபாரு நகராட்சி 1990-இல் அந்தக் குகைகளைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. போரின் எச்சமாக உள்ள ஓர் இடத்தை அப்படி அறிவித்தது ஜப்பானில் அதுவே முதல் முறை. 2007-இல் 20-ஆம் குகை மக்களுக்குத் திறக்கப்பட்டது. முன்பதிவு செய்தால் தலைக்கவசமும் கைவிளக்கும் கொடுத்து வழிகாட்டி அழைத்துச் செல்வார். உள்ளே மெழுகுச் சிலை கிடையாது, கட்டிலும் கிடையாது. கரிந்த தாங்குகட்டைகள் உள்ளன, கூரையில் ஒருவர் செதுக்கிய, கொரியக் குடும்பப் பெயரான காங் என்ற எழுத்து இருக்கிறது. சோறு சுமந்த பாதையையும் பார்வையாளர்கள் நடந்து பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பாதையில் நடந்த பிறகுதான், புடாபெஸ்டின் அந்தச் சிறு அறையைக் குறை சொல்லக்கூடாது என்று தோன்றியது. அடுப்பு உள்ளே இருந்தால் காற்று கெடும். வெளியே இருந்தால் உணவைச் சுமப்பவர் சாவார். நிலத்தடி மருத்துவமனை கட்டிய எல்லோரும் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. புடாவில் இருந்தவர்களுக்குக் குகைக்குள்ளேயே ஓர் அடுப்பாவது இருந்தது. அது சிறிதாக இருந்தாலும், உணவுக்காக யாரும் ஒவ்வொரு நாளும் அப்படித் திறந்த வெளியில் குன்றேறி ஓட வேண்டியிருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்த முறை புடாபெஸ்ட் போகும்போது, அல்லது உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வேறு யாராவது போனால், வழிகாட்டியிடம் சமையலறையில் சில செய்திகளைக் கேட்டுப் பாருங்கள். இங்கே இருக்கும் அடுப்பும் கழுவுதொட்டியும் எந்த ஆண்டைச் சேர்ந்தவை? கூரையிலுள்ள காற்றுக் குழாய் 1944-இல் போட்டதா, 1962-க்குள் போட்டதா? தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது? கூடவே நீங்களும் கண்ணால் பாருங்கள்: தரையில் கழிவுநீர் போக வழி இருக்கிறதா, அடுப்பு இருந்த இடத்துக்கு நேர்மேலே கரி படிந்த அடையாளம் இருக்கிறதா, அறுவை அரங்குக்கும் இந்த அறைக்கும் இடையே எத்தனை கதவுகள் உள்ளன என்று. சமையலறையின் காற்று வார்டுக்குள் நுழையக்கூடாது, அறுவை அரங்கின் காற்று வெளியே தள்ளப்பட வேண்டும் என்பதை இன்று அழுத்த வேறுபாட்டால் சாதிக்கிறோம். அன்று அதற்குக் கதவு ஒன்றுதான் வழி. வழிகாட்டிகள் பொதுவாக நன்கு பயின்றவர்கள். இப்படிக் கேட்பவர்களை அவர்கள் விரும்புகிறார்கள் என்பது என் அனுபவம்.

பெற்றோரை அழைத்துச் செல்வதைப் பொறுத்தவரை, நடக்க முடிந்தவர்கள் என்றால் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே போக முடியும். சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம். நடுவில் தனியாக வெளியேறி வருவது எளிதன்று. எனவே நெடுநேரம் நிற்க முடியாதவர்களும், மூடிய இடத்தில் மூச்சு முட்டுவதாக உணர்பவர்களும் முன்பே அலுவலகத்தில் சொல்லிவிடுவது நல்லது. கோடைக் காலமானாலும் உள்ளே குளிர் 15 பாகை அளவில் இருக்கும். கையுள்ள கம்பளி ஆடை ஒன்று வேண்டும். நான் போனபோது படம் எடுக்க அனுமதி இல்லை. கேமராவை நம்பிப் போகாதீர்கள். அறுவை அரங்கின் மெழுகுக் காட்சிகள் இரத்தக் காயங்களை உள்ளபடி காட்டுபவை. உங்கள் தாயாருக்கோ தந்தைக்கோ அண்மையில் பெரிய அறுவை நடந்திருந்தால் அந்த அறையில் சற்றுப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நுழைவாயில் கோட்டைக் குன்றின் மேற்குச் சரிவில், லோவாஷ் தெருவில் இருக்கிறது. மேலே கோட்டைப் பகுதியிலிருந்து படியிறங்கி வருவதைவிட, வண்டியில் வந்து வாயிலுக்கு அருகிலேயே இறங்குவது முதியவர்களின் முழங்காலுக்கு நல்லது.